எலுமிச்சையில் சொறியா, சத்துக் குறையா?

கேள்வி: அக்கா, மொட்டை மாடியில நீல டிரம்மை ரெண்டா வெட்டி எலுமிச்சை வச்சிருக்கோம். மூணு வருஷமா காய்க்குது. இந்த மழைக்கு அப்புறம் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி, காயிலயும் தழும்பு. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பூச்சி மருந்தை ரெண்டு தடவை அடிச்சும் போகல. ரெண்டு இலை இதோட வச்சிருக்கேன். காயைச் சமையலுக்குச் சேக்கலாமா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: இலை வந்து சேர்ந்தது, தங்கச்சி. மேல்பக்கம் தடவினேன், உப்புத்தாள் மாதிரி இருந்தது. திருப்பி அடிப்பக்கம் தடவினேன், அங்கேயும் அதே சொரசொரப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் அம்மைத் தழும்பு போலக் குழி, சுற்றிலும் மஞ்சள் வளையம். பாக்டீரியாவால் வருகிற சொறி நோய் இது. மருந்துக் கடையில் கேங்கர் என்பார்கள். பூச்சி மருந்துக்கு எப்படி அடங்கும்? நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பால் கருகுவது வேறு. அது இலை நுனியில், ஓரத்தில் ஆரம்பிக்கும், தடவினால் மேடு தட்டாது.

(இனிமேல் போட்டோ மட்டும் அனுப்புங்கள். தண்டையார்பேட்டையில் என் மாடியிலும் எலுமிச்சை இருக்கிறது. உங்கள் இலையை அடுப்பில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.)

காற்றோடு அடிக்கிற மழைதான் இதற்கு வாகனம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு என் செடியிலும் வந்தது. நான் செய்த கூத்து, தினமும் சாயங்காலம் ஹோஸ் பைப்பை இலைமேல் பீய்ச்சியடித்ததுதான். மாசம் திரும்புவதற்குள் பக்கத்துத் தொட்டி நாரத்தைக்கும் தொற்றிக்கொண்டது. தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். இலைக்குள் பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளிக்கோடு தெரிந்தால் அது இலை துளைப்பான் புழு. அது போட்ட காயத்தின் வழியாகக் கிருமி சுலபமாக நுழையும்.

வெயில் அடிக்கிற நாளில் தழும்புள்ள குச்சிகளை வெட்டி எரித்துவிடுங்கள். கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் டெட்டாலில் துடையுங்கள். பிறகு காப்பர் ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு 3 கிராம், 15 நாள் இடைவெளியில் தெளியுங்கள். புதுத்துளிர் நனைய வேண்டும். இது வந்த தழும்பை ஆற்றாது, புதிதாக வராமல் காக்கும். சிலர் ஆன்டிபயாட்டிக் பவுடரையும் கலக்கச் சொல்வார்கள். துணி காயப்போடுகிற மாடியில் அது வேண்டாம் என்பது என் கட்சி.

காயைத் தாராளமாகச் சேர்க்கலாம். நோய் தோலோடு சரி, சாறுக்கு ஒன்றுமில்லை. மருந்து தெளித்திருந்தால் டப்பாவில் போட்டிருக்கிற நாள் கணக்குப்படி காத்திருந்து, நன்றாகக் கழுவிவிட்டு நறுக்குங்கள்.

கேள்வி: எங்கள் சாத்துக்குடியில் இலைகள் மஞ்சளாகின்றன. சத்துக் குறையா, நோயா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: ஒரு பால்பாயின்ட் பேனா எடுங்கள். இலையின் நடுநரம்புக்கு இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் நேர் எதிரே அதே அளவில் இன்னொன்று போடுங்கள். இரண்டு வட்டத்துக்குள்ளும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் துத்தநாகம், இரும்புச் சத்துக் குறைதான். ஒன்றில் பச்சை, மற்றதில் மஞ்சள் என்று திட்டுத் திட்டாக மாறினால் கிரீனிங் என்கிற பாக்டீரியா நோயோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து ஒரு காயை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். ஒருபக்கம் கோணி, விதை சூம்பி, பழுத்தும் அடிப்பாகம் பச்சையாகவே இருந்து, சாறு கசந்தால் சந்தேகம் வலுக்கும். உறுதி செய்ய ஆய்வகத்தில் டிஎன்ஏ சோதனைதான் வழி. எலுமிச்சை இனங்களுக்கென்றே நாக்பூரில் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் ஒற்றை மரத்துக்காக அவ்வளவு தூரம் போவானேன்? முதலில் பக்கத்துத் தோட்டக்கலை அலுவலரிடம் கிளையைக் காட்டுங்கள்.

கிரீனிங் என்று உறுதியானால் மருந்து இல்லை. மரத்தை வேரோடு எடுத்துவிட வேண்டும். இதைப் பரப்புகிற சைலிட் பூச்சி எள்ளளவுதான் இருக்கும், பின்பக்கத்தைத் தூக்கி, தலையைக் குனிந்து இளந்துளிரில் உட்கார்ந்திருக்கும். கறிவேப்பிலையிலும் அது குஞ்சு பொரிக்கும். உங்கள் வீட்டில் கறிவேப்பிலை இருந்தால் அதன் துளிரையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.