தங்கமான மனுஷன்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தொடர் கொலைகாரன் எவன் பிடிபட்டாலும் அக்கம்பக்கத்தார் "தங்கமான மனுஷன்" என்கிறார்கள். அத்தனை பேரையுமா பேச்சால் மயக்கிவிட முடியும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பேச்சுக்கு அவ்வளவு சக்தி இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டாலே மரியாதைக்குறைவாகிவிடுமோ என்று இந்தக் கொலைகாரர்கள் நம்மைத் தயங்க வைக்கிறார்கள். மிச்ச வேலையை அந்தத் தயக்கம் பார்த்துக்கொள்ளும்.

1974 ஜூலை 14, அமெரிக்காவில் சம்மாமிஷ் ஏரிக்கரை. தொடர் கொலைகாரன் டெட் பண்டி கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, பாய்மரப் படகைக் காரில் ஏற்ற உதவுங்கள் என்று பல பெண்களைக் கேட்டான். அடிபட்டவனை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்? அன்று இருவர் காணாமல் போனார்கள். கார் வரை கூடப் போன இன்னொரு பெண், அங்கே படகே இல்லை என்பதைப் பார்த்தார். படகு பெற்றோர் வீட்டில் இருக்கிறது, கொஞ்சம் மேலே போக வேண்டும் என்றான். நேரமில்லை என்று திரும்பிவிட்டார். கேட்ட உதவி நடுவழியில் வேறொன்றாக மாறுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். முகக்களையை அல்ல.

ஆசியாவில் பயணிகளைக் கொன்று திருடிய சார்லஸ் சோப்ராஜ் இதற்கு நேர் எதிர். உதவி செய்துதான் பிடித்தான். 1975இல் பாங்காக்கில் பயணிகளுக்குத் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பான். படுக்கையில் விழுந்ததும் பணிவிடையும் அவனே செய்வான். பார்த்துக்கொள்கிறவனை எப்படிச் சந்தேகிப்பது? பாஸ்போர்ட்டும் பணமும் அவன் கைக்குப் போய்விடும். தனி ஆளிடம் பலித்த இந்த வித்தை கூட்டத்தில் பலிக்கவில்லை. 1976 ஜூலையில் டெல்லியில் பிரெஞ்சு மாணவர்களுக்கு வயிற்றுக்கடுப்பு மாத்திரை என்று மயக்க மருந்து கொடுத்தான். சிலர் அவன் எதிர்பார்த்ததற்கு முன்பே சரிய, மற்றவர்கள் அவனை மடக்கிப் பிடித்தார்கள்.

இங்கிலாந்தின் ஹைட் நகர டாக்டர் ஹரால்ட் ஷிப்மனுக்கு இந்த நாடகம்கூடத் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் என்ற பெயரே போதும். டயமார்ஃபின் என்ற கடும் வலிநிவாரணியை ஊசியில் போட்டுக் கொன்றுவிட்டு இறப்புச் சான்றிதழையும் அவனே எழுதினான். அப்போது அங்கே தகனத்துக்கு இன்னொரு டாக்டர் கையெழுத்தும் தேவைப்பட்டது. அதுவும் சடங்காகிப் போயிருந்தது. 2000இல் 15 கொலைகளுக்குத் தண்டனை. பிறகு வந்த விசாரணைக் குழு கண்டறிந்தது 215.

நோயாளிகள் கடைசிவரை அவனை நம்பினார்கள். சந்தேகப்பட்டவர்கள், சாவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தவர்கள்: சவ அடக்கம் செய்பவர்கள், தகனப் படிவங்களில் கையெழுத்திட்டு வந்த பக்கத்து கிளினிக் டாக்டர்கள். 1998 மார்ச்சில் புகார் போனது. போலி மருந்துச்சீட்டு எழுதி 1976இல் அவன் தண்டனை பெற்றிருந்ததைக்கூடப் பார்க்காமல் போலீஸ் கோப்பை மூடியது. கைதாவதற்குள் இன்னும் மூன்று பேரைக் கொன்றான்.