சிவப்பா யூரின் போனா ருபார்ப் மேல பழி போடாதீங்க

நீங்க யாருக்கும் விஷம் வைக்கலம்மா, அந்த பயத்த முதல்ல விடுங்க. ருபார்ப்ங்குற செடியோட புளிப்புத் தண்ட வச்சு கிரம்பிள், அதாவது மேல மாவும் வெண்ணெயும் உதிர்த்துப் போட்டு ஓவன்ல வேக வைக்கிற இனிப்பு பண்ணினீங்க, தண்டோட ஒட்டியிருந்த இலைத் துணுக்கு ரெண்டு அதுல சேர்ந்துபோச்சு, ராத்திரி வீட்ல எல்லாரும் சாப்பிட்டீங்க, மறுநாள் காலைல உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் யூரின் சிவப்பா போச்சு, ருபார்ப் இலை விஷம்னு நெட்ல படிச்சதுலேர்ந்து உங்களுக்கு தூக்கம் இல்ல. பச்சைத் தண்டு, அலுமினியப் பாத்திரம், பனி, சாயம்னு மத்த கேள்வியெல்லாம் அந்த ஒரு பயத்துலேர்ந்து கிளம்பினதுதான், அதுங்களுக்கு அப்புறம் வரேன்.

நான் நின்னது உங்க லெட்டர்ல கடைசிக்கு முந்தின வரில. "குளிர்காலத்துலயும் ஒரு தடவை இப்படித்தான் லேசா சிவப்பா போச்சு, தண்ணி கம்மியா குடிச்சதால இருக்கும்னு விட்டுட்டோம்"னு போற போக்குல எழுதியிருக்கீங்க. நீங்க ருபார்ப் வாங்கினதே இந்த வசந்தத்துலதான்னு மேல நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்போ குளிர்காலத்துல போன சிவப்புக்கு யாரு காரணம்? இத நீங்க யோசிக்கவே இல்ல, ஏன்னா இலை விஷம்ங்குற விஷயம் கண்ணுக்கு முன்னாடி பெருசா நிக்குது, அதுக்குப் பின்னாடி இருக்குறது தெரியல.

ருபார்ப்ல ஆந்த்ரகுவினோன்னு ஒரு வகை பொருள் இருக்கு, நிறைய உள்ள போனா சிலருக்கு யூரின் பழுப்பாவோ லேசா சிவந்தோ போகலாம், அது உண்மைதான். ஆனா அந்த ஒரு உண்மைய வச்சுக்கிட்டு வீட்ல உக்காந்தே தீர்ப்பு எழுதக்கூடாது. வெறும் கலரா ரத்தமாங்குறத கண்ணால பாத்து சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. அதுக்குத்தான் யூரின் டெஸ்ட் இருக்கு, ஸ்ட்ரிப்ப முக்கினா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தெரியும், மைக்ரோஸ்கோப்ல பாத்தா சிவப்பணு இருக்கா இல்லையான்னு உறுதியாகும். சாப்பாட்டுக் கலர்னா சிவப்பணு இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம், இதுக்கு எதுக்கு நெட்ல நாலு மணி நேரம்.

உங்க வீட்டுக்காரருக்கு 52 வயசு, பல வருஷமா சிகரெட், முன்னாடி கிட்னிக் கல் வந்து எடுத்தவரு, வலி துளி கூட இல்ல, ஒரு நாள் சிவப்பா போய் தானா நின்னுடுச்சு. நீங்க "வலியும் இல்ல, நின்னும் போச்சு, அதனால கொஞ்சம் நிம்மதி"ன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த ரெண்டும்தான் நிம்மதி தரல. கல் நகர்ந்து ரத்தம் வந்தா பெரும்பாலும் மனுஷன் விலாவப் பிடிச்சுக்கிட்டு துடிப்பாரு, கிருமின்னா எரிச்சல் இருக்கும், அடிக்கடி போகணும்னு தோணும். வலியே இல்லாம ரத்தம் போறதுதான் சிறுநீர்ப்பை புற்றுநோய் முதல்ல காட்டுற அடையாளம், அதுவும் தினமும் வராது, ஒரு நாள் வரும், அப்புறம் வாரக்கணக்குல மாசக்கணக்குல ஒண்ணுமே இருக்காது, ஆளும் மறந்துடுவாரு, திரும்ப வரும்போது மெனுல இருந்த ஏதாவது ஒண்ணு மேல பழி விழும். சிகரெட்ல இருக்குற கெமிக்கல் ரத்தத்துல கலந்து கிட்னி வழியா வடிகட்டி யூரினோட சேர்ந்து அந்தப் பைலயே மணிக்கணக்கா தேங்கி நிக்குது, அதனாலதான் இந்தப் புற்றுநோய்ல கிட்டத்தட்ட பாதி சிகரெட்டால வர்றது.

இப்படி எழுதுறதால அவருக்கு கேன்சர்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அதையும் நெட்ல போட்டுத் தேடாதீங்க. பழைய கல்லா இருக்கலாம், ஆம்பளைங்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்குற ப்ராஸ்டேட் சுரப்பியா இருக்கலாம், கிருமியா இருக்கலாம், எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னு வீட்டுக்கு அனுப்புறவங்களும் நிறைய பேரு. ஆனா 45 வயசத் தாண்டினவருக்கு கண்ணுக்குத் தெரியுற மாதிரி ரத்தம் போயி, அது கிருமின்னு நிரூபணமும் ஆகலன்னா, ஒரு தடவை போனாலும் யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதை டாக்டர் பாத்தே ஆகணும். யூரின் டெஸ்ட், கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த கிரியாட்டினின், ஸ்கேன், அப்புறம் சிஸ்டோஸ்கோபி, அதாவது மெல்லிசா கேமரா வச்ச ட்யூப விட்டு பைக்குள்ள நேரா பாக்குறது. அந்தப் பேர கேட்டதும் ஆம்பளைங்க பாதி பேரு "நின்னுடுச்சே டாக்டர், விடுங்க"ன்னு கிளம்பிடுவாங்க. மரக்க வைக்கிற ஜெல் போட்டுத்தான் பாப்பாங்க, பெரும்பாலும் சில நிமிஷத்துல முடிஞ்சுடும், கொஞ்சம் கூச்சமும் ஒரு நாள் எரிச்சலும், அவ்வளவுதான். இன்னிக்கு டெஸ்ட்ல சிவப்பணு இல்லன்னு வந்தாலும் போன தடவை போனது ரத்தம் இல்லன்னு ஆகிடாது, அதனால ரிப்போர்ட் க்ளீனா வந்தாலும் ரெண்டு தடவை சிவப்பா போச்சுங்குறத டாக்டர் கிட்ட சொல்லணும், குளிர்காலத்துல போனத முதல்ல சொல்லணும், ருபார்ப் கதைய அப்புறம் சொல்லுங்க. இந்த வாரமே போங்க. கட்டி கட்டியா ரத்தம் வந்து யூரின் அடைச்சுக்கிட்டாலோ, விலா வலியோட குளிர் ஜுரம் வந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போயிடணும்.

இப்போ நான் கோபப்படுற இடம். டிராயர்ல மிச்சம் கிடந்த ஆன்டிபயாடிக்க "கிருமியா இருந்தா போயிடட்டும்"னு ரெண்டு மாத்திரை குடுத்திருக்கீங்க. அது யாருக்கு எதுக்கு எழுதினதுன்னே உங்களுக்கு ஞாபகம் இல்ல. ரெண்டு மாத்திரைல கிருமி சாகாது, ஆனா கல்ச்சர் ரிசல்ட்ட குழப்பி விட அது போதும், கிருமி இருந்தும் இல்லன்னு வந்துடும். அட்டைய எடுத்துட்டுப் போயி டாக்டர் கிட்ட காட்டுங்க, மீதிய தூக்கிப் போடுங்க. அப்புறம் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, அது கிட்னிய சுத்தம் பண்ணும்னு வீடியோல சொன்னாங்களாம். வைட்டமின் சி உடம்புல உடையும்போது ஒரு பகுதி ஆக்சலேட்டாவே மாறுது, நீங்க ருபார்ப் இலைல பாத்து பயந்த ஆக்சாலிக் ஆசிட்டோட அதே சமாச்சாரம், கால்சியத்தோட சேந்தா கல்லாகுறது. ஏற்கனவே கல் வந்த ஆம்பளைக்கு அத டோஸ் டோஸா குடுக்குறத இன்னிக்கே நிறுத்துங்க.

பாலையும் நிறுத்திட்டீங்க, கால்சியம் கல்லாச்சேன்னு. தலைகீழா செஞ்சிருக்கீங்கம்மா. சாப்பாட்டுல இருக்குற கால்சியம் குடல்லயே ஆக்சலேட்ட கட்டிப் பிடிச்சு மலத்தோட வெளிய கொண்டுபோயிடும், கால்சியத்த குறைச்சா அந்த ஆக்சலேட் சும்மா இருக்காது, ரத்தத்துக்கு ஏறி கிட்னிக்கு வந்து அங்க கால்சியத்தோட சேரும். கால்சியம் கம்மியா சாப்பிடுறவங்களுக்குத்தான் கல் அதிகம் வருதுன்னு பெரிய ஆராய்ச்சிங்கள்லயே பாத்தாச்சு. அதனால பால், தயிர் எல்லாம் பழையபடி குடுங்க, சாப்பாட்டோட சேத்து குடுங்க.

சரி, இலைக்கு வரேன். ருபார்ப் இலை விஷம்தான், அதுல பொய் இல்ல. முதல் உலகப் போர் சமயத்துல பிரிட்டன்ல காய்கறிக்கு பஞ்சம் வந்தப்போ இந்த இலைய கீரையா சமைக்கலாம்னு யோசனை சொல்லி, சாப்பிட்டவங்க விஷமாகி உயிரே போயிருக்கு. ஆனா அவங்க இலையவே சமைச்சு தட்டு நிறைய சாப்பிட்டவங்க. இலைல ஆக்சாலிக் ஆசிட் சுமாரா 100 கிராமுக்கு அரை கிராம், பெரியவங்க உயிருக்கு ஆபத்துன்னு சொல்ற அளவு 15லேர்ந்து 30 கிராம், கணக்கு போட்டுப் பாருங்க, கிலோக்கணக்குல இலை வேணும். அதுக்கு ரொம்ப கம்மியாவே வயிறு கெட்டு வாந்தி எடுக்கும், அதனால இலைய சமைக்குற யோசனையே வேண்டாம், வெட்டி குப்பைக்கோ உரக்குழிக்கோ போடுங்க. கிரம்பிள்ல போன விரல் நகம் அளவு துணுக்கு ஒண்ணும் பண்ணாது. நெஜமாவே இலை வேலை காட்டியிருந்தா சாப்பிட்ட சில மணி நேரத்துல வாயும் தொண்டையும் எரிஞ்சு, வயித்து வலி, வாந்தின்னு ஆரம்பிச்சிருக்கும், அதுவும் அந்த அளவு சாப்பிட்டா பெரியவர விட சின்ன உடம்புக்காரி உங்க பொண்ணுக்குத்தான் முதல்ல வந்திருக்கும். அவ அன்னிக்கு ராத்திரி ரெண்டாவது தட்டு கேட்டான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குழந்தைங்க இலைய தெரியாம மென்னு முழுங்கிட்டா மட்டும் வேடிக்கை பாக்காம உடனே டாக்டருக்கோ விஷ ஆலோசனை மையத்துக்கோ போன் பண்ணுங்க.

பச்சைத் தண்டு பழுக்காததுன்னு அர்த்தம் இல்ல, சில ரகம் பச்சையாத்தான் இருக்கும், விக்டோரியான்னு ஒரு பழைய ரகமே பாதி பச்சை, தாராளமா சமைக்கலாம். வசந்தம் பொறக்குறதுக்கு முன்னாடியே வர்ற அந்த பளிச் பிங்க் தண்டுல சாயம் ஏத்தல, இருட்டு ஷெட்டுக்குள்ள வெளிச்சம் படாம வளக்குறதால அந்தக் கலரு, இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஊர்கள்ல மெழுகுவத்தி வெளிச்சத்துலதான் அத பறிப்பாங்க, நாரும் கம்மி புளிப்பும் கொஞ்சம் கம்மி. கடும் பனி விழுந்து தண்டு துவண்டு கொழகொழன்னு ஆகியிருந்தா தூக்கிப் போடுங்க, விறைப்பா நிமிந்து நின்னா சமைங்க. அலுமினியப் பாத்திரம் ஆசிட்ல கொஞ்சம் கரையும், பாத்திரம் புதுசு மாதிரி பளபளன்னு ஆகுறது அதனாலதான், ஒரு தடவைல உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ருசி இரும்படிச்ச மாதிரி ஆகும், ஸ்டீலோ கண்ணாடியோ எனாமலோ வச்சுக்குங்க. பொண்ணு தண்ட சமைக்காம அப்படியே சர்க்கரைல தொட்டு கடிக்கிறா, கடிக்கட்டும், நிறைய தின்னா வயித்த வலிக்கும், பல்லு சொரசொரன்னு ஆகுதுன்னு சொல்றது ஆக்சலேட்டாலதான், தண்ணில வாய் கொப்பளிச்சா போதும், உடனே பிரஷ் பண்ண விடாதீங்க, ஆசிட் பட்ட பல்லு, ஒரு அரை மணி நேரம் போகட்டும்.

அவருக்கு ருபார்ப் குடுக்கலாமாங்குறது நியாயமான கேள்வி, ஆனா நீங்க நினைச்ச காரணத்துக்கு இல்ல. ஒரு ராத்திரி கிரம்பிள்ல கல் முளைக்காது. ஆனா தண்டுலயும் ஆக்சலேட் கொஞ்சநஞ்சம் இல்ல, 100 கிராம்ல சில நூறு மில்லிகிராம் இருக்கு, கல் வந்தவங்கள ஒரு நாளைக்கே 100க்குள்ள நிறுத்திக்க சொல்றோம். எடுத்த கல்ல அனலைஸ் பண்ணி கால்சியம் ஆக்சலேட்னு வந்திருந்தா ருபார்ப் அவருக்கு சீசனுக்கு ஒரு தடவை ரெண்டு ஸ்பூன் ருசி பாக்குற ஐட்டம், அதுக்கு மேல இல்ல. ரிசல்ட் வர்ற வரைக்கும் அதுவும் வேண்டாம், அடுத்த தடவை சிவப்பா போனா பழி போட ஒரு ஆள் குறையும். மத்தவங்களுக்கு தடையே இல்ல, கிட்னி ஏற்கனவே பலவீனமா இருக்குறவங்களும், எடை குறைக்க குடல் பைபாஸ் ஆபரேஷன் பண்ணினவங்களும் மட்டும் கேட்டுட்டு சாப்பிடணும்.

ருபார்ப் மேல கஸ்டர்ட் ஊத்திக்கிட்டு சாப்பிடுற பழக்கம் சும்மா ருசிக்கு வந்ததா இருக்கலாம், ஆனா அந்தப் பாலோட கால்சியம் அதே தட்டுலயே ஆக்சலேட்ட பிடிச்சுக்கும், அதனால கஸ்டர்டயோ கெட்டித் தயிரையோ மிச்சம் பிடிக்காதீங்க. நீங்க கிண்டிக் கிண்டி எல்லாம் நூலு நூலா போச்சுன்னு வருத்தப்பட்டிருக்கீங்க, டாக்டர் கிட்ட கேக்குற கேள்வி இல்ல, ஆனாலும் எனக்கு இது பிடிச்ச விஷயம்ங்குறதால சொல்றேன். தண்ணியே ஊத்தாதீங்க. தண்ட விரல் நீளத்துக்கு வெட்டி, சர்க்கரை தூவி, கொஞ்சம் இஞ்சியோ ஆரஞ்சு தோலோ துருவிப் போட்டு அரை மணி நேரம் விட்டா தானே சாறு விட்டுக்கும், அப்புறம் ஃபாயில் மூடி ஓவன்ல வச்சா துண்டு துண்டா நிக்கும், கரண்டிய கிட்டயே கொண்டுபோகாதீங்க. சர்க்கரை நோய் பத்தி கேட்டிருந்தீங்க, ருபார்ப்ல 100 கிராமுக்கு 21 கலோரிதான், பிரச்சனை அதோட புளிப்ப அடக்க நீங்க கொட்டுற சர்க்கரையும் மேல போடுற மாவும் வெண்ணெயும், அத எண்ணிக்குங்க.

உங்க நாத்தனார் மலச்சிக்கலுக்கு ருபார்ப் மாத்திரை போடுறாங்க, அப்போ தண்டு சாப்பிடலாமான்னு ஒரு வரி இருந்துச்சு. அந்த மாத்திரை இந்தத் தண்டு இல்ல, வேற ரக ருபார்ப்போட வேர், நேரடியா பேதி மருந்து. மாசக்கணக்கா போட்டா பொட்டாசியம் இறங்கும், குடலும் அது இல்லாம வேலை செய்யாத மாதிரி ஆகும், கர்ப்பமா இருந்தா தொடவே கூடாது. ஒரு வாரத்துக்கு மேல ஓடிக்கிட்டிருந்தா பாட்டிலோட டாக்டர் கிட்ட போகச் சொல்லுங்க, கூட வேற என்ன மாத்திரை போடுறாங்கங்குறதையும் எழுதிட்டுப் போகச் சொல்லுங்க.