வண்டி இடித்ததை "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், நெல்லைச் சீமையின் அரசு மருத்துவமனைகளில் விபத்துப் பிரிவுச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: சிஸ்டர், எங்கள் அம்மாவுக்கு 52 வயது. பீடி சுற்றுகிறாள். போன மாதம் சாயங்காலம் கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு ரோட்டோரமாக நடந்து வந்தபோது பின்னால் வந்த பைக் இடித்துவிட்டது. ஓட்டியவன் பக்கத்து ஊர்ப் பையன். பெரியவர்கள் பேசி 5,000 ரூபாய் வாங்கித் தந்தார்கள். "பைக் மோதியதற்கு இனி ஒன்றும் கேட்க மாட்டோம்" என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் இன்றுவரை அம்மாவால் வலது கையால் பீடி சுற்ற முடியவில்லை. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?
— பெயர் வேண்டாம், முக்கூடல்

பதில்: முடியும் மகளே. முதலில் கையைப் பார்ப்போம், கேஸை அப்புறம் பார்ப்போம்.

அம்மாவைப் பெருவிரலை நன்றாக விரித்து நிமிர்த்தச் சொல்லு. பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு சின்னப் பள்ளம் விழும். அதில் மெதுவாக அழுத்திப் பார். அங்கே மட்டும் சுரீரென்று வலித்தால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதே. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு அந்த இடத்தில் இருக்கிற ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பில் விரிசல் விடுவது உண்டு. முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். 10, 14 நாள் கழித்து மறுபடி எடுத்தால் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டமே குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும். எண்ணெய் போட்டு நீவுவதை இன்றோடு நிறுத்துங்கள். பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். "பைக் இடித்துக் கையை ஊன்றி விழுந்தாள்" என்று உள்ளபடியே சொல்லுங்கள்.

இனி, நீங்கள் ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த வார்த்தை. அடிபட்டவர் உள்ளே வந்ததும் டியூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டை நாங்கள் ஏ.ஆர். என்போம். எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி, கூட்டி வந்தது யார், எங்கெங்கே காயம் என்று எல்லாம் அதில் இருக்கும். எப்படி அடிபட்டது என்பதை நோயாளியும் கூட வந்தவர்களும் சொல்கிறபடிதான் டாக்டர் எழுதுவார். பின்னால் கேஸ் நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். "வழுக்கி விழுந்ததாக" என்ற ஒரு வரி இருந்தால் போதும், வண்டியே இடிக்கவில்லை என்று வாதாடுவார். ஏழைப் பெண்கள் பயந்துபோய் இப்படிச் சொல்லி, கிடைக்க வேண்டியதை இழந்துவிட்டு நிற்பதைப் பார்த்து எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

எழுதினது எழுதினதுதான், அதை அழிக்க முடியாது. ஆனால் உங்களிடம் வேறு சாட்சி இருக்கிறது. பெரியவர்கள் எழுதி வாங்கினார்களே, அந்தத் தாள்! பைக் மோதியது என்று அதிலேயே இருக்கிறது. மோதவில்லை என்றால் 5,000 ரூபாய் எதற்காகக் கொடுத்தார்கள்? அதை எப்படியாவது போட்டோ எடுத்து வைத்துக்கொள். பிறகு விபத்து நடந்த எல்லையிலுள்ள காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடு. ஏன் தாமதம், ஆஸ்பத்திரியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுது. பைக் நம்பர், பார்த்தவர்கள் பெயர், பேசி முடித்தவர்கள் பெயர் எல்லாம் வேண்டும். வழியில் கடை வாசலில் கேமரா இருந்தால் இன்றைக்கே போய்க் கேள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கு. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகவே தர வேண்டும். ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் அதையே மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ஊரில் போட்ட கையெழுத்து போலீஸைக் கட்டுப்படுத்தாது.

பையன் குடும்பம் பாழாகிவிடுமோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும், நம் ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது. நஷ்டஈடு கொடுக்கத்தானே வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள்? அது நடப்பில் இருந்தால் பணம் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்துதான் வரும். இன்சூரன்ஸ் இல்லை என்றால் வண்டிச் சொந்தக்காரர் பொறுப்பு.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில், யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். 166-ஆம் பிரிவில் போனால் ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஆனால் நஷ்டத்துக்கு ஏற்ப அதிகமாகவும் கிடைக்கலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து வழக்குகளை விசாரிக்கிற தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். அதனால் நாளைக் கடத்தாதே.

இன்னொன்று. இலையை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, தலையை மடக்கி, நூல் கட்டுகிற வேலை முழுக்கப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும்தான் நடக்கிறது. டாக்டர் "ஊனம் 10 சதவீதம்" என்று கொடுத்தாலும் பீடி சுற்றுகிறவருக்கு வருமான இழப்பு 10 சதவீதத்தோடு நிற்காது. உடம்பின் ஊனம் வேறு, அதனால் பிழைப்பில் விழுகிற இழப்பு வேறு என்று 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அம்மாவின் பீடிக்கடை பாஸ்புக், பி.எஃப். காகிதம் இரண்டையும் பத்திரப்படுத்து. அவைதான் வருமானச் சான்று. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேள்வி: டவுன் ரத வீதியில் எங்கள் ஆச்சியை (74) ஆட்டோ தட்டிவிட்டது. தலையில் லேசான வீக்கம்தான். சோடா குடித்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். மூன்றாம் நாள் பேச்சுக் குழறி, தலைக்குள் ரத்தக் கட்டு என்று ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நலம். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவள். முதல் நாளே எப்படித் தெரிந்திருக்கும்?
— ஒரு பேத்தி, பேட்டை

பதில்: ஆச்சி பிழைத்து வந்ததில் எனக்கும் சந்தோஷம். வெளியிலிருந்து பார்த்து முதல் நாள் தெரிந்திருக்காது. சி.டி. ஸ்கேனில்தான் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும், அதன் மேலே ஓடும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன இடியிலேயே ஒன்று அறுந்து ரத்தம் மெல்ல மெல்லக் கசியும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குக் கசிவு எளிதில் நிற்காது. அப்படிப்பட்டவர் தலையில் அடிபட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரை அட்டை கையில் இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்று அனுப்பினாலும் இரண்டு நாள் யாராவது கூடவே இருக்க வேண்டும். வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, இதில் எது வந்தாலும் ஓடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடினாலும் மறதி கூடினாலும், "வயசாகிட்டு" என்று விடாமல் அந்த அடியை டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

அந்த சோடா. அடிபட்டவருக்கு உடனே சோடாவோ தண்ணீரோ கொடுப்பது நம் ஜனங்களின் நல்ல மனசு. ஆனால் கொடுக்காதீர்கள். நினைவு மங்கியவருக்குப் புரையேறி நுரையீரலுக்குள் போகும். ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கவும் சிக்கல்.

செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, சேர்க்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அரசு வரம்புக்கு உட்பட்டு ஏற்கிறது.

கேள்வி: திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும்போது விடியற்காலையில் எங்கள் குழுவில் ஒருவரை கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பர் தெரியவில்லை. காலைத் தூக்கியதில் எலும்பு இன்னும் விலகிவிட்டது என்றார் டாக்டர். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? நஷ்டஈடு உண்டா?
— முருக பக்தர், தாழையூத்து

பதில்: இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தூக்குவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. அதைச் செய்யக் கூடாது. உங்களில் சிலர் டார்ச் அடித்து வண்டிகளை ஒதுக்கி விட வேண்டும், ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். தலையையும் கழுத்தையும் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துண்டை மடித்து அழுத்துங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் துணியால் மூடுங்கள். காலைக் கிடக்கிறபடியே வைத்துப் பக்கத்தில் கம்பு கொடுத்துத் தளர்வாகக் கட்டினால் போதும். கெண்டைக்கால் கல்லாக இறுகி, விரலை லேசாக அசைத்தாலே அலறுகிறார் என்றால் சில மணி நேரத்தில் கால் போய்விடும் ஆபத்து. அப்போது நாட்டுக்கட்டு போட எங்கேயும் கொண்டுபோக வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தவரை போலீஸ் பிடித்து வைக்கும் என்ற பயமும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவியவரைக் காப்பாற்றுகிறது. பெயர் சொல்லக்கூடக் கட்டாயம் இல்லை.

வண்டி தெரியாவிட்டாலும் பணம் உண்டு. கொடுங்காயத்துக்கு 50,000, இறந்தால் 2 லட்சம். எஃப்.ஐ.ஆர்., சிகிச்சைக் காகிதங்களோடு அந்தப் பகுதி கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கலெக்டர் உத்தரவு போடுவார். பின்னால் கார் எதுவென்று தெரிந்தால் தீர்ப்பாயத்தில் முழு நஷ்டஈடு கேட்கலாம், அப்போது இந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.