பரோலோவின் நிறமும் துவர்ப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் தூரினில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். சென்ற மாதம் பேராசிரியர் வீட்டு விருந்தில் பரோலோ எனும் இத்தாலியச் சிவப்பு ஒயினைப் பரிமாறினார்கள். அவ்வளவு புகழ் கேட்டிருந்த அந்த ஒயின், தண்ணீர் கலந்ததுபோல வெளிறி, கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறமாக இருந்தது. ஒரு வாய் குடித்ததும் நாக்கும் ஈறும் வறண்டு ஒட்டிக்கொண்டன. நிறமே இல்லாத ஒன்றில் இத்தனை துவர்ப்பு எங்கிருந்து வந்தது? வெறும் பெயருக்காகத்தான் புகழ்கிறார்களா? 2019ஆம் ஆண்டு அறுவடையில் ஒரு புட்டியை எனக்கும் பரிசளித்திருக்கிறார், என்ன செய்யட்டும்?

ச., தூரின்

அன்புள்ள ச.,

வெளிறிய நிறமும் கடும் துவர்ப்பும் நெபியோலோ திராட்சையின் பிறவிக் குணங்கள். பரோலோ அந்த ஒரே திராட்சையிலிருந்துதான் செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான கருந்திராட்சைகளின் தோலில் மிகுந்திருக்கும் நிறமி ஓரளவு நிலைத்து நிற்பது; நெபியோலோவில் மிகுந்திருப்பவையோ காற்றுப் பட்டால் எளிதில் சிதைபவை என்பதால், நொதிக்கும்போதே நிறத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது, எஞ்சியதும் சில ஆண்டுகளில் ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. துவர்ப்பைத் தரும் டானின் வேறு பொருள். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் அது உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால்தான், நாவல்காயைக் கடித்ததுபோல வாய் வறண்டுவிடுகிறது.

இந்த டானினை அடக்கக் காலம் தேவை. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதங்கள், அதில் 18 மாதங்களாவது மரப்பீப்பாயில், காத்திருந்த பிறகே பரோலோ விற்பனைக்கு வரலாம். கூடுதலாக முதிரவைக்கும் ரிசெர்வா வகை என்றால் 62 மாதங்கள். அந்தக் காத்திருப்பு எந்தப் பீப்பாயில் என்பதற்காக, பரோலோ விளையும் லாங்கே குன்றுகளில் ஒரு போரே நடந்தது. பழைய முறைக்காரர்கள் சாற்றைத் தோலோடு பல வாரங்கள் ஊறவைத்து, போத்தி எனும் பெரிய பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்தார்கள். புதியவர்கள் ஊறலைச் சில நாட்களாகக் குறைத்து, பாரிக் எனும் 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களுக்கு மாறினார்கள். 1983இல் புதியவர்களில் ஒருவரான எலியோ அல்தாரே தன் தந்தையின் பழைய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்தெறிந்தார். தந்தை அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்தார். எதிர் அணியின் பார்த்தோலோ மாஸ்கரெல்லோ, 'நோ பாரிக், நோ பெர்லுஸ்கோனி' என்று தன் கையால் வரைந்த லேபிளை ஒட்டியே ஒயினை விற்றார். (பெர்லுஸ்கோனி இத்தாலிய அரசியல் தலைவர்; பீப்பாய்க்குள் அரசியல் நுழைய இத்தாலியில் அதிக நேரம் பிடிப்பதில்லை.)

இன்று பலர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். என் சாய்வு பெரிய பீப்பாயின் பக்கம்தான். புதிய சிறு பீப்பாய் துவர்ப்பைச் சற்று விரைவில் வளைத்துக்கொடுக்கிறது. ஆனால் தன் வெனிலா வாசனையையும் ஏற்றிவிடுவதால், நெபியோலோவுக்கே உரிய ரோஜாவும் சாலைபோடும் தாரும் கலந்த மணம் மங்கிவிடுகிறது. அந்த மணமும், அதைத் தாங்கி நிற்கும் புளிப்பும் துவர்ப்பும், பல பத்தாண்டுகள் புட்டியில் வளரும் திறனும்தான் பரோலோவின் புகழுக்குக் காரணம். நிறத்தை வைத்து மதிப்பிட்டால் இவை எதுவும் பிடிபடாது.

உங்கள் 2019 இன்னும் இளையது. இருட்டும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் படுக்கவைத்து இன்னும் சில ஆண்டுகள் விட்டுவையுங்கள். பொறுமை இல்லையென்றால், குடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே வாயகன்ற குடுவையில் ஊற்றிவைத்து, பரோலோவின் சொந்த மாநிலமான பியமொந்தேக்காரர்கள் செய்வதுபோல ஒயினிலேயே மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சியோடு குடியுங்கள். டானின் உங்கள் உமிழ்நீரை விட்டு இறைச்சியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம்.