பத்தி ஏன் வளரவில்லை?

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்தில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பினாங்கு பற்றி நான் எழுதிவரும் கட்டுரையில் ஒரு பத்தி வளரவே இல்லை என்கிறார் கணவர். கருத்து, விளக்கம், சான்று, முடிவு என்று மாணவர்களுக்கு நான் கற்றுத்தரும் நான்கும் அதில் இருக்கின்றன. நீங்களே பாருங்கள்:

“லிட்டில் இந்தியா பினாங்குத் தமிழர் வாழ்வில் முக்கிய இடம் வகிக்கிறது. இங்கே பலவகைக் கடைகள் உள்ளன. 1833இல் கட்டப்பட்ட மாரியம்மன் கோவிலும் இங்கேதான் இருக்கிறது. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எனவே லிட்டில் இந்தியா சிறப்புமிக்க இடமாகும்.”

என்ன குறை?

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

மன்னிக்கவும், நான் உங்கள் கணவர் கட்சி.

நடுவில் உள்ள மூன்று வாக்கியங்களை இடம் மாற்றி வாசியுங்கள். கோவிலை முன்னால் கொண்டுவாருங்கள், கடைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒன்றும் கெடவில்லை, அல்லவா? அங்கேதான் குறை. அவை பத்தியில் இல்லை, பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல. பழி முதல் வாக்கியத்துக்கே சேரும். ‘முக்கிய இடம் வகிக்கிறது’ என்றால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ‘எப்படி?’ என்று கேட்க அதில் ஒன்றுமில்லை. கேள்வி எழாத இடத்தில் அடுத்த வாக்கியத்துக்கு என்ன வேலை?

அதே தெருக்களை நான் எழுதினால்:

“பீச் ஸ்ட்ரீட்டில் கடல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ சாலையை அமைக்கும்வரை இருந்தது. கரை அவ்வளவு அருகில் இருந்ததால், துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர்கள் நடந்து போகும் தூரத்திலேயே குடியிருந்தார்கள். அவர்கள் கும்பிட்ட மாரியம்மனுக்கு 1833இல் குயின் ஸ்ட்ரீட்டில் கோவில் எழுந்தது.”

பிரமாதமான பத்தி என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது வாக்கியத்தை உருவிப் பாருங்கள், மூன்றாவது தடுமாறும். உங்கள் 1833தான் இங்கேயும் இருக்கிறது. இப்போது அதற்கு முன்னால் ஒரு கரையும் சில மூட்டைகளும் இருக்கின்றன.

கடைகளுக்குத் தனிப் பத்தி கொடுங்கள். ‘பலவகை’ வேண்டாம், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மல்லிகைச் சரத்தை முழம் போடும் கையிலிருந்து தொடங்கலாம். 2008 இன்னும் பின்னால் வரட்டும்.

‘எனவே’ என்று தொடங்கும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். தேர்வுத்தாளில் அது தேவைப்படலாம். இந்தக் கட்டுரைக்கு, உங்கள் கணவரைத் தவிர, யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.