அன்னாசிப்பழம் குற்றவாளி அல்ல

கேள்வி: எனக்கு 32 வயது. சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கிறோம். கர்ப்பமான 10ஆவது வாரத்தில் ரத்தக்கசிவு, ஓயாத வாந்தி. ஸ்கேன் பார்த்து, முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். இப்போது வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை. தங்கையின் திருமணத்துக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். மருந்துக்கடையில் கர்ப்பச் சோதனைப் பட்டை வாங்கி நானே பார்த்துக்கொண்டால் போதாதா? அன்னாசிப்பழம் தின்றதால்தான் வந்த வினை என்கிறார் மாமியார். உடனே அடுத்த குழந்தைக்கு முயலலாமா?

பதில்: முதலில் அன்னாசிப்பழத்தை விடுதலை செய்வோம். முத்துப்பிள்ளை கர்ப்பம், கரு உருவாகும்போதே நேர்ந்த பிசகு. தாயின் மரபணு இல்லாத முட்டையில் விந்தணு சேர்ந்தால் முழு முத்துப்பிள்ளை. நல்ல முட்டையில் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் பெரும்பாலும் பகுதி முத்துப்பிள்ளை. உங்களுடையது எது என்பதைத் திசுப் பரிசோதனை அறிக்கை சொல்லும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரிடமும் காட்டலாம்!

இரண்டிலும் நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துபோல் பெருகி, கர்ப்பத்தில் சுரக்கும் எச்சிஜி என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். அந்த வாந்திக்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும். சுத்தம் செய்த பின் ரத்தத்தில் இதன் அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும்; வாரந்தோறும் பார்ப்பது அதைத்தான். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ, மிச்சத் திசு மீண்டும் வளர்கிறது என்று பொருள். முழு முத்துப்பிள்ளையில் 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு இப்படி ஆகலாம். பகுதி முத்துப்பிள்ளையில் மிகக் குறைவு. அப்போது மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து தருவார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஏறக்குறைய எல்லாருமே குணமாகிறார்கள்.

கடைப் பட்டை ‘உண்டு, இல்லை’ என்று மட்டுமே சொல்லும். நமக்கு வேண்டியது எண்; அதுவும் முடிந்தவரை ஒரே ஆய்வுக்கூடத்தின் எண். திருமணத் தேதியை மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே போய்வர வழி இருக்கலாம். பயணத்தில் ரத்தப்போக்கு மிகுந்தாலோ மூச்சுத் திணறினாலோ அங்கேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த குழந்தையா? கண்காணிப்பு முடிந்தது என்று மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். புதிய கர்ப்பமும் எச்சிஜியை ஏற்றும். ஏறியது எதனால் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விடும். கண்காணிப்பு பலருக்கு 6 மாதம் ஓடும். அதுவரை ஆணுறையோ மாத்திரையோ போதும்; அளவு இயல்புக்கு வரும்முன் காப்பர்-டி கூடாது. முத்துப்பிள்ளை மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 100இல் 1 மட்டுமே. அடுத்த முறை கருவுற்றதும் சீக்கிரமே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.