மணவாளக்குறிச்சி மணலைத் தொட்டால் தோரியத்தைத் தொட்டதாகுமா?

குளச்சலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், "மணவாளக்குறிச்சி மணல்ல தோரியம் இருக்குன்னா அது தனிமமா, சேர்மமா, கலவையா? தொட்டா தோரியத்தைத் தொட்ட மாதிரியா?" என்று கேட்டாளாம், உங்களுக்குப் பதில் வரவில்லையாம். தோரியம் கதிரியக்கமுள்ள ஓர் உலோகம், அதனால் இது நல்ல கேள்வி. சேர்மத்துக்குத் தண்ணீர், கலவைக்குக் காற்று என்று எழுதி மார்க் வாங்கிப் போகிற பிள்ளைக்கு இது தோன்றவே தோன்றாது.

மணல் கலவை. அதிலுள்ள ஒவ்வொரு மணியும், ஏறக்குறைய, ஒரு சேர்மம். கறுப்பு மணி இல்மனைட், சிவப்பு மணி கார்னெட், வெள்ளை மணியில் பெரும்பகுதி குவார்ட்ஸ். இவற்றோடு ரூட்டைல், சிர்கான், சிலிமனைட், மஞ்சள் கலந்த பழுப்பில் மோனசைட். தோரியம் இருப்பது இந்த மோனசைட்டில்தான். அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டது என்று கன்னியாகுமரியில் சொல்வார்களே, அந்த நிறங்கள்தான்.

கலவை என்பதற்கு என்ன சாட்சி? எதையும் வேறு பொருளாக மாற்றாமலே பிரிக்க முடிகிறது. மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலையில் நடப்பதும் அதுதான். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு சுமார் 4.7, மோனசைட்டுக்கு 5-ஐ ஒட்டி. தண்ணீரோடு சுருள் வாய்க்காலில் விட்டால் கனமானது உள்பக்கம் ஒதுங்கும், லேசானது வெளியே ஓடும். காயவைத்து உயர் மின்னழுத்தத்தில் விட்டால் மின்சாரம் கடத்துகிற இல்மனைட்டும் ரூட்டைலும் ஒருபக்கம் போகும். வலுவான காந்தம் வைத்தால் இல்மனைட் ஒட்டும், ரூட்டைல் ஒட்டாது. கடத்தாத பக்கத்திலும் அப்படியே: மோனசைட் இழுபடும், சிர்கான் நிற்கும்.

இல்மனைட் மணிக்குள் இரும்பு ஒன்று, டைட்டானியம் ஒன்று, ஆக்சிஜன் மூன்று என்ற கணக்கில் அணுக்கள். நிறை 56 + 48 + 48 = 152. ஆக 10 கிராம் இல்மனைட்டில் 3.7 கிராம் இரும்பு. ஆனால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காட்டினால் இரும்புத்தூள் மாதிரி பாய்ந்து வந்து ஒட்டாது. சேர்மத்தில் இருக்கும் இரும்பு இரும்பைப் போல நடந்துகொள்ளாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை. "மேக்னடைட்டும் (இரும்பு ஆக்சைடு) சேர்மம்தானே, அது ஒட்டுதே" என்று யாராவது கீழே கருத்து எழுத வருவார்கள். ஒட்டும்தான். சேர்மமானால் காந்தத்தன்மை போய்விடும் என்று நான் சொல்லவில்லை, சேர்மத்துக்கு அதற்கென்று தனிக் குணம் வரும் என்றுதான் சொல்கிறேன். நியோடிமியம் காந்தத்தில் இல்மனைட்டும் ஒட்டும், அதுவும் தெரியும்.

வீட்டில் செய்து காட்ட கடற்கரை மணல் வேண்டாம். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிற பொருள், வாரிக்கொண்டு வராதீர்கள். கட்டட வேலைக்கான மணல் 20 கிராம், கல்லுப்பு 10 கிராம், லேத் பட்டறை இரும்புத்தூள் 5 கிராம் போதும். தூளில் எண்ணெய் இருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி உடனே காயவையுங்கள், இல்லாவிட்டால் மணலோடு கட்டிப்பிடிக்கும். காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுத்தான் இழுக்க வேண்டும். வெறும் காந்தத்தில் ஒட்டிய தூளை எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

காந்த வேலை முதலில், தண்ணீர் பிறகு. மாற்றிச் செய்து இரவு விட்டுவைத்தால் துரு பிடித்துத் தண்ணீர் பழுப்பாகும். அது புதுச் சேர்மம், கலவையைப் பிரித்த கணக்கில் வராது. உப்புக்கு 50 மில்லி வெந்நீர் தாராளம். இரட்டை மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டிய பிறகு மணல்மேல் இன்னொரு 10 மில்லி ஊற்றுங்கள், மணலுக்குள் தங்கிய உப்பு அதில்தான் வரும். வற்றவைக்கும்போது கடைசியில் உப்பு தெறிக்கும், தீயைக் குறைத்துவிட்டு முகத்தை விலக்கி வையுங்கள். திரும்ப 9 கிராம் கிடைத்தால் நல்லது. 10-க்கு மேல் வந்தால் ஈரம் போகவில்லை, அல்லது துணி வழியே மணல் இறங்கியிருக்கிறது.

இனி தோரியம். மோனசைட் ஒரு பாஸ்பேட். சீரியம், லாந்தனம், நியோடிமியம் இருக்க வேண்டிய இடங்கள் சிலவற்றில் தோரியம் உட்கார்ந்திருக்கும். நம் நாட்டு மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு கணக்கில் சுமார் 9 சதவீதம். காந்தமோ தண்ணீரோ அதை வெளியே எடுக்காது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பாஸ்பேட்டை டிரைசோடியம் பாஸ்பேட்டாகக் கரைத்து வெளியேற்றி, மிச்சத்திலிருந்து படிப்படியாகப் பிரிக்க வேண்டும். ஆக மணலைத் தொட்டால் தோரியம் என்ற உலோகத்தைத் தொட்டதாகாது.

ஆனால் கதிரியக்கம் வேறு கணக்கு, பலர் சறுக்குவது இங்கேதான். வேதிப்பிணைப்பு எலக்ட்ரான்களின் விவகாரம். கதிரியக்கம் உட்கருவின் விவகாரம். இரும்பு தன் குணத்தை மாற்றிக்கொண்டது போல தோரியத்தின் உட்கரு மாற்றிக்கொள்ளாது. உலோகமானாலும் பாஸ்பேட்டானாலும் தோரியம்-232 பாதியாக ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுதான். அதனால் 'சேர்மம்தானே, ஒன்றுமில்லை' என்றும் மகளிடம் சொல்லாதீர்கள். அந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பது உண்மை.

தனிம அட்டவணையையும் இதே மணலை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். டைட்டானியம் 22, சிர்கோனியம் 40, ஹாஃப்னியம் 72, மூன்றும் ஒரே தொகுதி. சிர்கோனியமும் ஹாஃப்னியமும் அணு அளவில் ஏறக்குறைய ஒன்று என்பதால் சிர்கான் மணியில் ஹாஃப்னியம் ஒளிந்தே இருந்தது, 1923-ல்தான் பிடிபட்டது. தோரியத்தின் அணு எண் 90, அணு நிறை 232.04. அடுத்த கட்டத்தில் 91, புரோட்டாக்டினியம், நிறை 231.04. நிறைப்படி அடுக்கினால் இரண்டும் இடம் மாறிவிடும். அடுக்குவது புரோட்டான் எண்ணிக்கைப்படி என்பதை 1913-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி காட்டினார்.

சுவரில் ஒட்ட சார்ட் வாங்குவதானால் 113, 115, 117, 118 கட்டங்களைப் பார்த்து வாங்குங்கள். நான்குக்கும் 2016-லேயே பெயர் வைத்தாயிற்று. 113-க்கு 'உனுன்ட்ரியம்' என்ற பழைய தற்காலிகப் பெயரைப் போட்ட சரக்கை இன்னும் பளபள லேமினேஷன் போட்டு விற்கிறார்கள், கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான்" என்று பதில் வேறு.